ஐந்து மாத்திரை, ஒரு டீ: ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் உயர்ந்த கொழுப்பும் இதயத்தைச் சுற்றிய நீரும்

நோயாளி 46 வயதுப் பெண். வீடு தேனி மாவட்டம் கம்பத்தை ஒட்டிய கிராமத்தில். வேலை மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்தில். விடிவதற்கு முன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடி தாண்டிப் போய், பொழுது சாய்ந்தபின் திரும்புகிறவர். (யாருடைய அடையாளமும் வெளிப்படாதிருக்க, ஒரே மாதிரி வந்த நோயாளிகளின் விவரங்களைக் கலந்து இதை ஒரு மாதிரி நிகழ்வாக அமைத்திருக்கிறோம்.)

அவர் சொன்ன முதல் தொந்தரவு நெஞ்சைப் பற்றியதே அல்ல. காய் எடுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து நகரவேண்டும். இரண்டு மாதமாக அவர் பக்கத்துச் செடியைப் பிடித்துத்தான் எழுகிறார். எட்டு மாதமாகவே அசதி, தொடையில் வலி, மலச்சிக்கல், தொண்டை கட்டியது போன்ற கரகரத்த குரல். மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கு. சமீபமாகச் சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு மருத்துவ முகாமில் கொழுப்பு அதிகம் என்று சொல்லி ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுத்து, பிறகு 40 ஆக்கியிருந்தார்கள். தொடை வலி கூடியது அதற்குப் பிறகுதான்.

பரிசோதனையில் எடை 62 கிலோ, உயரம் 152 செ.மீ. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 54. ரத்த அழுத்தம் 146/100. மேல் எண்ணைவிடக் கீழ் எண்தான் உறுத்தியது. முகம் உப்பலாக, தோல் வறண்டு இருந்தது. இரு காலிலும் வீக்கம், ஆனால் விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழவில்லை. ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் சாப்பிடுவதால் வரும் வீக்கம் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அந்த வீக்கத்தில் வழக்கமாகக் குழி விழும். நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டியபோது பாதம் வெடுக்கென்று இறங்கியது. திரும்பி வருவதற்கு மட்டும் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொண்டது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, ஒரு நிமிடம் போதும். நான்கு ஆண்டாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் குறைவு தீரவில்லை என்பதை லேப் முடிவு வருமுன்னரே காட்டிக்கொடுத்தது இதுதான்.

அறிக்கைகளில் இருந்தவை: டி.எஸ்.எச். 74 (தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்; இயல்பு சுமார் 0.4 முதல் 4.5 வரை), தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 0.35 (இயல்பு 0.8 முதல் 1.8). உடம்பே தன் தைராய்டைத் தாக்குவதைக் காட்டும் தைராய்டு பெராக்ஸிடேஸ் எதிர்ப்பொருள் பாசிட்டிவ். தசை நொதியான சி.கே. 1,460, பெண்களுக்கு மேல் வரம்பு 170-ஐ ஒட்டி இருக்கவேண்டும். சோடியம் 131. கிரியாட்டினின் 1.2. ஹீமோகுளோபின் 9.4, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. மொத்தக் கொலஸ்ட்ரால் 268, எச்.டி.எல். 44, டிரைகிளிசரைடு 180, கணக்கிட்ட எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 188. இது ஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடும்போது எடுத்தது, தொடங்குமுன் எல்.டி.எல். 236 இருந்திருக்கிறது. ஈ.சி.ஜி.யில் கை கால் லீடுகள் எல்லாவற்றிலும், இதயம் சுருங்குவதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலை 5 மி.மீ.க்குக் கீழே, டி அலை தட்டை. எக்கோவில் இதயத்தின் பின்புறம் 8 மி.மீ. அளவுக்கு நீர், இதயத்தை அது நெருக்கவில்லை. சுருங்கும் திறன் 60 சதவீதம், தளர்வது மட்டும் மந்தம். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இயல்பு.

இந்தத் தாள்களைத் தனித்தனியாகப் படித்தால் ஐந்து நோய் கிடைக்கும்: கொழுப்பு, ரத்த அழுத்தம், ரத்தசோகை, ஸ்டாட்டினால் வந்த தசைக் கோளாறு, இதய உறையில் நீர். அப்படித்தான் படிக்கப்பட்டும் இருந்தது. எல்லைக்கு இரு பக்கமும் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இது வாடிக்கை. தைராய்டு மாத்திரை ஒரு தனியார் கிளினிக்கில் எழுதியது. மூட்டுவலிக்குக் கால்சியமும், கேஸ் தொந்தரவுக்குப் பான்டோப்ரசோலும் கேரளப் பக்கம் கொடுத்தவை. இரும்புச்சத்து மாத்திரை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியது. பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வருகிறது. ஒவ்வொரு சீட்டும் தன்னளவில் சரியானது. எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தவர் யாருமில்லை.

முடிச்சு தைராய்டு மாத்திரையின் அளவில் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 50 மைக்ரோகிராமில் தொடங்கி, ஒவ்வொரு முறை டி.எஸ்.எச். ஏறும்போதும் 75, 100, 125 என்று கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுரப்பி முழுதாகச் செயலிழந்தவருக்குக்கூட கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் போதும். 62 கிலோவுக்கு அது 100. ஆக, தேவைக்கு மேலேயே சாப்பிடுகிறவருக்கு டி.எஸ்.எச். 74. அளவு போதாததால் இது வர வழியில்லை. ஒன்று மாத்திரை வாய்க்குள் போகவில்லை, அல்லது போனது குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறவில்லை. இந்தக் கணக்கை முதலில் போடாமல் 150 எழுதுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு.

“வெறும் வயித்துலதான போடுறீங்க?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இவரும் அப்படியே சொன்னார். டீயை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்கவேண்டிய விதம் வேறு: “எந்திரிச்சதுல இருந்து ஜீப் ஏர்ற வரைக்கும் என்னென்ன செய்வீங்க, வரிசையா சொல்லுங்கக்கா” என்று செவிலியர் கேட்டபோது முழுக் கதையும் வந்தது. மூன்றே முக்காலுக்கு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் கட்டி, நாலே முக்காலுக்குப் பால் டீ. அந்த டீயோடு காலை மாத்திரைகள் அத்தனையும் ஒரே விழுங்கு. ஐந்து மணிக்கு ஜீப்.

மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டிப் பார்த்தோம். ஸ்ட்ரிப்பை வெட்டி வெட்டி வாங்கியதில் பாதித் துண்டுகளில் பெயரே இல்லை. சீட்டுகளோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டோம்: தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் 125, ஃபெரஸ் சல்ஃபேட், கால்சியம் கார்பனேட் 500, பான்டோப்ரசோல் 40, அம்லோடிபின் 5. ஸ்டாட்டின் இரவில்.

வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டால் தைராக்ஸினில் 70 முதல் 80 சதவீதம் சிறுகுடலில் ஏறிவிடும். இரும்பும் கால்சியமும் அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. கட்டிக்கொண்டது மலத்தோடு போய்விடும். இரும்பைப் பற்றிய ஆய்வு 1992-லேயே வந்துவிட்டது, கால்சியம் கார்பனேட்டைப் பற்றியது 2000-ல். பான்டோப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை கரைவதும் குறைகிறது. டீயில் சேரும் பாலிலும் கால்சியம் உண்டு. நான்கு முட்டுக்கட்டை ஒரே நேரத்தில்.

இதில் இரும்பின் பங்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் போக்கு அதிகமாகும். அதனால் ரத்தம் குறைகிறது. ரத்தம் குறைந்ததற்கு இரும்பு மாத்திரை. அந்த இரும்பு தைராக்ஸினைக் கட்டிப்போட, தைராய்டு இன்னும் குறைகிறது, போக்கும் கூடுகிறது. இந்த வட்டத்தில் சுற்றும் பெண்களிடம், இரண்டையும் பிரிக்காத வரை ஹீமோகுளோபினும் தேறாது, டி.எஸ்.எச்.சும் இறங்காது.

கொழுப்பு ஏன் ஏறியது? எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து எடுத்துச் செல்வது கல்லீரல் செல்களின் மேலுள்ள எல்.டி.எல். ஏற்பிகள். அவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஏற்பிகளை உற்பத்தி செய்யும் மரபணுவைத் தூண்டுவதில், டி4-லிருந்து உருவாகும் டி3 என்ற தைராய்டு ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியையும் அது தூண்டுகிறது. டி3 குறையும்போது ஏற்பி குறைகிறது, எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. உடம்பு அதிகமாக உற்பத்தி செய்வதைவிட, வெளியேறும் வழி அடைபட்டிருப்பதே முக்கியக் காரணம். இவரிடம் தேங்காய் எண்ணெயை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், அவரும் எட்டு மாதம் நிறுத்தியிருந்தார். நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் 236-க்குத் தாளிப்பு எண்ணெய் மேல் பழி போடுவது நியாயமில்லை.

இதயத்தின் கதையும் அதே வேரிலிருந்துதான். இதயத் தசை சுருங்கியபின் கால்சியத்தைத் திரும்ப உறிஞ்சி உள்ளே வைக்கும் பம்பின் அளவை டி3 கூட்டுகிறது; அது குறையும்போது இதயம் தளர்வது மெதுவாகிறது. குதிகால் தசைநாணைத் தட்டியபோது கண்ட மந்தமும் இதே வகையானது. டி3 ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்தவும் செய்கிறது. அது இல்லாதபோது குழாய்கள் இறுகி, கீழ் அழுத்தம் ஏறுகிறது. தந்துகிகளிலிருந்து புரதம் கலந்த நீர் கசிந்து, வடிய நேரமாவதால் இதய உறையில் சேருகிறது. மாதக்கணக்கில் மெதுவாகச் சேர்வதால் உறை விரிந்து இடம் கொடுத்துவிடுகிறது; நெருக்கடி அபூர்வம், ஊசி போட்டு எடுக்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது. இந்தத் தோற்றத்தை முதலில் தெளிவாக எழுதியவர் ஹெர்மன் சொண்டெக்; 1918-ல் பெர்லினிலிருந்து. விரிந்த, மந்தமான இதயம், தட்டையான ஈ.சி.ஜி. அலைகள், தைராய்டுச் சாறு கொடுத்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது என்று பதிவு செய்தார். எக்கோ கருவி இல்லாத காலத்தில்.

சிகிச்சையில் அவசரப்பட்டால் கெடும் இடம் ஒன்று உண்டு. மாத்திரை ஏறவில்லை என்று கண்டுபிடித்ததும், “இனி சரியாகப் போடுங்கள்” என்று சொல்லி அதே 125-ஐத் தொடர்வது ஆபத்து. இத்தனை நாள் அந்த 125-ல் மிகச் சிறு பகுதிதான் உள்ளே போயிருக்கிறது. முட்டுக்கட்டையை எடுத்தால் மறுநாளிலிருந்து முழு அளவும் போகும். 46 வயது, எல்.டி.எல். பல மாதம் உயர்ந்திருந்த, ரத்தசோகை உள்ள இதயத்துக்கு அந்தத் திடீர்ச் சுமை நெஞ்சுவலியைக் கொண்டுவரலாம். ஆகவே அளவைக் குறைத்து 50-லிருந்து தொடங்கினோம். மூன்றாம் வாரம் 75, ஆறாம் வாரம் 100. நெஞ்சு இறுக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னோம். அப்படி எதுவும் வரவில்லை.

தொடங்குமுன், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தோம். சோடியம் 131, அதோடு தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்: அட்ரீனல் சுரப்பியும் பாதிக்கப்பட்டிருந்தால், கார்டிசால் இல்லாத உடம்பில் தைராக்ஸினைக் கொட்டுவது உயிருக்கே வினையாகும். கார்டிசால் 14 வந்தது, தைரியமாகத் தொடங்கினோம். ஸ்டாட்டினை நிறுத்தினோம்.

நேர ஒழுங்கு இப்படி அமைந்தது. தைராக்ஸின் எழுந்தவுடனே, மூன்றே முக்காலுக்கு, தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீரோடு. டீ வழக்கம்போல நாலே முக்காலுக்கு. ஒரு மணி நேர இடைவெளி அவருடைய நாளிலேயே இருந்தது. மாத்திரையை மட்டும் அங்கே நகர்த்தினால் போதும். அம்லோடிபின் டீயோடு. இரும்பு, தோட்டத்தில் மதியச் சோற்றுக்குச் சற்று முன், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு; தைராக்ஸினுக்கும் இரும்புக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கவேண்டும், இங்கே எட்டு மணி நேரம் கிடைத்தது. சாப்பாட்டோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும். கால்சியத்துக்குக் காரணமே இல்லை, மூட்டுவலி என்று அவர் சொன்னது தசை வலி, நிறுத்தப்பட்டது. பான்டோப்ரசோலும் நிறுத்தப்பட்டது. மாத்திரை டப்பாவை அடுப்படி அலமாரியிலிருந்து படுக்கையறைக்கு மாற்றச் சொன்னோம். சூட்டிலும் ஈரத்திலும் தைராக்ஸின் வீரியம் இழக்கும்.

அக்டோபரில் தொடங்கியது. இரண்டாம் வாரம் சி.கே. 980, ஸ்டாட்டின் முழுக்க நின்றபிறகும் இவ்வளவு இருந்ததிலிருந்து, தசைக் கோளாறில் தைராய்டின் பங்கு பெரிது என்று தெரிந்தது. தைராய்டு குறைவே தசையைப் பாதிக்கும். அதன்மேல் ஸ்டாட்டின் சேர்ந்தால் பாதிப்பு இரட்டிக்கும். ஸ்டாட்டின் எழுதுமுன் டி.எஸ்.எச். பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஆறாம் வாரம் சி.கே. 410, டி.எஸ்.எச். 21, ஃப்ரீ டி4 0.9. இந்த 21-ஐப் பார்த்துத் திட்டமிட்ட 100-க்கு மேல் கூட்டிவிடக் கூடாது. தைராக்ஸினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். ரத்தத்தில் அளவு நிலைகொள்ளவே ஐந்தாறு வாரம் ஆகும், பிட்யூட்டரி அதற்கும் பின்னால்தான் வரும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச்.சைக் கேட்கவேண்டும்.

பன்னிரண்டாம் வாரம் ஒரு குழப்பம். டி.எஸ்.எச். 4.8, ஆனால் ஃப்ரீ டி4 2.1 என்று வந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டதோ என்ற பயம். விசாரித்தால், அன்று மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறார். விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் டி4 உச்சத்தில் இருக்கும். ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைக் கையோடு கொண்டுவந்து, கொடுத்தபிறகு போடவேண்டும். முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டோம், சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். சாப்பிடவில்லை.

இருபதாம் வாரம்: டி.எஸ்.எச். 2.6. சி.கே. 140. எல்.டி.எல். ஸ்டாட்டின் இல்லாமலே 128. ஹீமோகுளோபின் 11.8. எக்கோவில் நீர் இல்லை. நாடி 72, அழுத்தம் 126/82, அம்லோடிபினை 2.5 ஆக்கி, பிறகு நிறுத்தினோம். செடியைப் பிடிக்காமல் எழுகிறார்.

எல்.டி.எல். 128-க்கு இனி ஸ்டாட்டின் வேண்டுமா? சர்க்கரை இல்லை, புகை இல்லை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இல்லை. இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஆண்டுதோறும் பார்த்து, தேவைப்பட்டால் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டின், அதுவும் டி.எஸ்.எச். இயல்பில் இருக்கும்போது மட்டும். கப்பை சாப்பிடலாமா என்று இந்தப் பக்கம் எல்லா நோயாளிகளும் கேட்பார்கள். மரவள்ளியில் உள்ள சயனைடுப் பொருள் உடம்பில் தயோசயனேட்டாகி அயோடினைத் தடுக்கும் என்பது சரி. வேகவைத்துத் தண்ணீரை வடித்து, அயோடின் உப்பு சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு அது பொருட்டல்ல. இவருடைய நோய் எதிர்ப்பொருள் தாக்கியதால் வந்தது. கப்பையும் மீன் குழம்பும் தொடரலாம்.

தைராய்டு மருந்து கொழுப்பைக் குறைக்கிறதே, தைராய்டு இயல்பாக உள்ளவர்களுக்கும் கொடுத்தால் என்ன என்று யோசிப்பது புதிதல்ல. 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய கொரோனரி ட்ரக் ப்ராஜெக்டில் மாரடைப்பு கண்ட ஆண்களுக்கு தைராக்ஸினின் கண்ணாடிப் பிம்ப வடிவமான டெக்ஸ்ட்ரோதைராக்ஸின் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு கூடியதால் அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். தைராக்ஸின் மிகையானால் இதயத்துக்கு என்ன ஆகும் என்பதை 1994-ல் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு காட்டியது: 60 வயதைக் கடந்தவர்களில் டி.எஸ்.எச். 0.1-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, பத்தாண்டுக்குள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) வரும் அபாயம் மூன்று மடங்கு. கல்லீரலில் உள்ள தைராய்டு ஹார்மோன் பீட்டா ஏற்பியை மட்டும் தூண்டும் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்து 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது கல்லீரல் கொழுப்பு நோய்க்காக, எல்.டி.எல். குறைவது அதில் கூடவே வரும் பலன்.

ஜூனில் வந்தபோது டி.எஸ்.எச். 9.2. அளவு அதே 100, ஒரு நாளும் விடவில்லை என்றார். மார்ச்சுக்குப் பிறகு காய் எடுப்பு இல்லை, ஜீப் இல்லை. ஆறு மணிக்கு எழுகிறார், எழுந்தவுடன் கையில் டீ. மாத்திரையும் அதோடு. அளவைத் தொடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்து, பத்து மணிக்குப் படுக்கும்போது போடும்படி மாற்றினோம். படுக்கை நேரத்தில் போடுவது காலையைவிட டி.எஸ்.எச்.சைச் சற்றுக் கூடுதலாகவே இறக்குகிறது என்று 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எட்டு வாரத்தில் 3.1. மறுபடி சீசன் தொடங்கி, ஒன்பதுக்கே படுக்கப்போகும் நாட்களில் சாப்பாட்டை ஆறரைக்கு நகர்த்த முடியாவிட்டால், பழையபடி மூன்றே முக்கால் என்று சீட்டிலேயே இரண்டு நேரமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.